முத்துச்சிப்பி ஆபீசில் தீக்கலம் மூட்டிய கதை

தூத்துக்குடியில் உப்புக் கிட்டங்கிகளைத் தாண்டிக் கடலைப் பார்த்தபடி ஓர் அலுவலகம் இருந்தது. முத்துச்சிப்பி நலப் பாதுகாப்புத் துணை அலுவலகம் என்று பெயர். கடலில் கடைசியாக முத்துக்குளித்து அப்போது பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் சிப்பிகளின் நலத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? வருஷத்துக்கு ஒரு தடவை சென்னைக்கு அறிக்கை போகும். "இவ்வாண்டும் சிப்பிகள் காணப்படவில்லை. அவற்றின் நலம் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது." போன வருஷத்து அறிக்கையில் ஆண்டை மட்டும் மாற்றி மறுபடி தட்டச்சு செய்வார்கள். அந்த வேலைக்கு மார்ச் மாதம் முழுவதும் சரியாக இருக்கும்.

இந்தக் கண்காணிப்புக்கெல்லாம் காவல் மாசானம். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகக் காவலாளி. தொடர்ந்து தொண்ணூறு நாள் வேலை பார்த்தவனை நிரந்தரமாக்க வேண்டி வரும் என்று ஒரு விதி இருந்தது. ஆகவே எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவனை வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள். ஒரு நாள் விட்டு மறுநாள் சேர்த்துக்கொள்வார்கள். நீக்கப்பட்ட அந்த ஒரு நாளும் மாசானம் வந்து கதவைத் திறந்துவிடுவான். பூட்டை எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவன் யார் என்று கேட்டால், பொதுமக்கள்.

மாசானத்துக்கு நிரந்தரம் என்பது இப்போது அவசரமாகிவிட்டது. அவன் மகள் சீனித்தாயைக் குலசேகரன்பட்டினத்துப் பலசரக்குக் கடைக்காரர் வீட்டிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சர்க்கார் உத்தியோகம்னு சொல்லுதீய. நிரந்தரம்தானே?" மாசானம் இருமினான். வைகாசி முடிவதற்குள் அந்த இருமலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த நிலைமையில்தான் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது.

இயக்குநர் ஆறு மாதம் குளிர்நாடு ஒன்றில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். மீன்வளப் பயிற்சி. மீனைப் பற்றி என்ன கற்றார் என்பது தெரியவில்லை. ஆனால் அந்த நாட்டில் சாயங்காலமானால் பெரிய மனிதர்கள் வீட்டு முற்றத்தில் ஓர் இரும்புக் கிண்ணத்தில் விறகை மூட்டி, சுற்றி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார். அந்த நாடு முன்னேறியதற்குக் காரணம் அதுதான் என்று அவருக்குப் பட்டது. ஆகவே துறையின் எல்லா அலுவலகங்களிலும் 'திறந்தவெளித் தீக்கலம்' ஒன்று உடனடியாக அமைக்கப்பட வேண்டும். ஒன்பது விதிகள் இணைக்கப்பட்டிருந்தன. முதல் தீக்கலத்தை இயக்குநரே நேரில் வந்து பார்வையிடுவார். இடம் தூத்துக்குடி. நாள், அக்கினி நட்சத்திரம் பிறந்து எட்டாம் நாள்.

அலுவலகத்தின் பொறுப்பாளர் சங்கரலிங்கம், ஸ்ரீவைகுண்டத்துக்காரர், சுற்றறிக்கையை இரண்டு தடவை வாசித்தார். மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தார். பண்டகசாலை எழுத்தர் வன்னியபெருமாளைக் கூப்பிட்டார். வன்னியபெருமாளுக்கு விதிகள் எல்லாம் மனப்பாடம். மனைவி பெயரைக்கூடக் கோப்பைப் பார்த்துத்தான் உறுதி செய்வார் என்று சொல்லிக்கொள்வார்கள்.

"வன்னியபெருமாள், தீ மூட்டணுமாம்."

"எதுக்கு சார்?"

"குளிர் காய."

வன்னியபெருமாள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "விதி இருக்கா சார்?"

"ஒம்பது இருக்கு."

"அப்ப மூட்டிருவோம்."

முதல் விதிப்படி அரைக்கோள வடிவில் ஓர் இரும்புக்கலம் வேண்டும். துறைமுகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மிதவை ஒன்றை வாங்கி வந்து, வெல்டரை வைத்துப் பாதியாக அறுத்தார்கள். நான்கு பேர் கையைக் கோத்துக்கொண்டு நின்றால்தான் சுற்றி வளைக்க முடியும். அடியில் துரு தின்று பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன. மூன்று கல்லைப் போட்டு அதன்மேல் கடலைப் பார்க்கத் தூக்கி வைத்தபோது, ஓட்டைகள் வழியாகக் கடற்காற்று புகுந்து விசில் அடித்தது.

நான்காம் விதியில் சிக்கல் வந்தது. தீயைப் பற்றவைக்கப் பூர்ச்சமரப் பட்டை வேண்டும் என்றிருந்தது. தூத்துக்குடியில் முள் உடைமரம் உண்டு, பனை உண்டு. பூர்ச்சமரத்துக்கு இமயமலைக்குப் போக வேண்டும். மாசானம் பனங்காட்டில் பிறந்தவன். அவன் அம்மா கருப்பட்டி காய்ச்சிய அடுப்புக்கு ஆறு வயதிலிருந்து தீத் தள்ளியவன். அவன் பனையிலிருந்து சில்லாட்டையை உரித்து வந்து காட்டினான். மட்டையைச் சுற்றிச் சல்லடைத் துணி மாதிரி இருக்கிற நார் அது. காய்ந்தால் தீப்பொறியைப் பார்த்தாலே பற்றிக்கொள்ளும்.

வன்னியபெருமாள் அதை விரலால் தொட்டார். "இது பட்டையா?"

"நாரு சார்."

"விதியில் பட்டைன்னு இருக்கு."

"நல்லா எரியும் சார்."

"எரியுதது முக்கியம் இல்லலே. பட்டையான்னு கேட்டேன்."

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து, சில்லாட்டை என்பது இப்பகுதி நிலவரப்படி பூர்ச்சமரப் பட்டையாகக் கருதப்படலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

இதற்குள் சேதி ஊருக்குள் பரவிவிட்டது. பெரிய மனிதர்கள் இனிமேல் நெருப்பைச் சுற்றித்தான் உட்காருவார்கள் என்று கிளப்பில் பேச்சு. உப்பு முதலாளி ஒருவர் தம் பங்களா முற்றத்தில் ஒரு பழைய கொப்பரையைக் கவிழ்த்து நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். ஜவுளிக்கடையில் ஊட்டியிலிருந்து கம்பளிச் சட்டை வரவழைத்து, சுடுகிற வெயிலில் கண்ணாடிக்குள் தொங்கவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கே வேர்த்தது. ஆனாலும் ஆறு சட்டை விற்றுப்போனது.

மிச்சம் இருந்தது இரண்டாம் விதி. கலத்தின் அடி இரும்பு சூட்டில் நெளியாதிருக்க, இரண்டு அங்குல உயரத்துக்குச் சரளைக்கல் பரப்ப வேண்டும். சரளை கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதினால், எந்தச் சாலைக்கு என்று திருப்பிக் கேட்டார்கள். நெருப்புக்கு என்று பதில் எழுதினால், நெருப்பு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார்கள்.

வன்னியபெருமாளுக்குத்தான் யோசனை வந்தது. பண்டகசாலையில் பதினொரு மூட்டைச் சிப்பி ஓடு கிடந்தது. கடைசி முத்துக்குளிப்பில் மாதிரிக்கு எடுத்து வைத்தது.

"சரளைக்குப் பதிலா நம்ம சிப்பியைப் போட்டுருவோம் சார். துறைச் சின்னம் மாதிரியும் இருக்கும். டைரக்டர் பார்த்தா சந்தோஷப்படுவாரு."

சங்கரலிங்கத்துக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. மூட்டையைத் தூக்க வந்த மாசானம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஐயா, ஒண்ணு சொல்லலாமா?"

"என்னல?"

"சிப்பி நெருப்புல கெடந்துதுன்னா..."

"நில்லு" என்றார் வன்னியபெருமாள். "இப்ப நீ சொல்லப்போறது ஆலோசனையா, ஆட்சேபணையா?"

"தெரியல சார். தெரிஞ்சதைச் சொல்லுதேன்."

"எதா இருந்தாலும் குறிப்பு வைக்கணும். குறிப்பு வைக்க நிரந்தர ஊழியருக்குத்தான் அதிகாரம். தற்காலிகம் சொல்லுதது கோப்புல ஏறாது. கோப்புல ஏறாதது ஆபீசுக்குத் தெரியாது. ஆபீசுக்குத் தெரியாததை நீ எங்ககிட்ட சொன்னா, எங்களுக்குத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஆயிரும். அது ஒழுங்கீனம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"நிரந்தரம் ஆனதும் சொல்லு. தாராளமாக் கேட்டுக்கிடுதோம்."

சங்கரலிங்கம் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. "ஏலே, உன் பைல் என் மேஜையில தயாரா இருக்கு. நெருப்பு ஒழுங்கா எரிஞ்சா அங்கனயே கையெழுத்து வாங்கித் தாரேன். பொகைஞ்சுதோ, மறுபடி எண்பத்தொம்பது நாளுதான். மக கலியாணத்தை நெனைச்சுக்கோ. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

மாசானம் மூட்டையைத் தூக்கினான்.

வீட்டில் இதைச் சொன்னதும் அவன் பெண்டாட்டி சந்தனமாரி உலையைக் கிளறுகிற அகப்பையோடு திரும்பினாள். அவளுடைய அப்பா முப்பது வருஷம் சுண்ணாம்புக் காளவாசலில் சிப்பி சுட்டவர்.

"நெருப்புக்கு அடியில சிப்பியா? வெந்த சிப்பி மேல தண்ணி பட்டா என்ன ஆகும்னு அங்கன ஒருத்தருக்கும் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்குத் தெரியும் ஏளா. ஆபீசுக்குத் தெரியாது."

"தெரியவே தெரியாதுங்கியளா? சிப்பிக்குன்னே இருக்க ஆபீசுல்ல அது?"

சுட்ட சிப்பி பார்வைக்குச் சிப்பி மாதிரியேதான் இருக்கும். தண்ணீர் பட்டதும் ஒரு நிமிஷம் சும்மா இருக்கும். பிறகு தானாகக் கொதித்து, பொங்கி, நாலா பக்கமும் தெறித்துச் சுண்ணாம்பாகும். அந்தக் கடற்கரையில் வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் இது தெரியும். சந்தனமாரி ஒரு சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தக்கையால் அடைத்துக் கொடுத்தாள். சுண்ணாம்பு சுட்ட இடத்துக்கு அதுதான் மருந்து. "பையில வச்சுக்கிடுங்க. உங்க ஆபீசுக்குத் தெரியாம."

இயக்குநர் வந்தார். சாயங்கால ரயிலுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், குளிர்காயும் நிகழ்ச்சி பிற்பகல் மூன்று மணிக்கு என்று மாற்றியமைக்கப்பட்டது. வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. உப்பளத்து வெள்ளையில் கண் கூசியது. இயக்குநர் கம்பளிக் கோட்டும் மூக்குக் கண்ணாடியும் போட்டிருந்தார். அவரைப் பார்த்துச் சங்கரலிங்கமும், வன்னியபெருமாளும், அழைக்கப்பட்டிருந்த பெரிய மனிதர்கள் ஆறு பேரும் கம்பளியும் கண்ணாடியும் போட்டிருந்தார்கள். எல்லோரும் தீக்கலத்தைச் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்து, குளிருகிற முகத்தை வருவித்துக்கொண்டார்கள்.

மாசானம் குனிந்தான். சிப்பிப் பரப்பின்மேல் சில்லாட்டையைக் கொத்தாக வைத்தான். அதன்மேல் பனம்பாளைக் கீற்று. அதன்மேல் விரல் தண்டிச் சுள்ளி. அதற்கும் மேலே காய்ந்த உடைவிறகைக் கிணற்று உறை மாதிரி நாலு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நடுவில் காற்றுக்கு இடம் விட்டான். காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே ஒரு குச்சியைக் கிழித்தான். சில்லாட்டை சடசடத்தது. பாளை பிடித்தது. அடியில் இருந்த ஓட்டைகள் கடற்காற்றைக் குடித்து ஊதின. உடைவிறகு புகையே இல்லாமல் நின்று எரிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மாசானம் தன் நிரந்தரத்தைக்கூட மறந்துபோனான். நல்ல நெருப்பைப் பார்த்தால் அவனுக்கு அப்படித்தான்.

இயக்குநர் பேசத் தொடங்கினார். குளிர்நாட்டைப் பற்றிப் பேசினார். பனியைப் பற்றிப் பேசினார். அங்கே ரொட்டியை எப்படி வெட்டுகிறார்கள் என்று பேசினார். இரண்டரை மணி நேரம் மனம்விட்டுப் பேசினார். மற்றவர்கள் மனம்விட்டு வேர்த்தார்கள். ஒரு பெரிய மனிதர் மயங்கினார். குளிரால் உறைந்திருக்கலாம் என்று கருதி அவரை நெருப்புக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினார்கள். சூடு தாங்காமல் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாசானம் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தான். தணலுக்கு அடியில் சிப்பிகள் முதலில் கறுத்தன. பிறகு சிவந்தன. பிறகு பளீரென்று வெளுத்தன. மாமனார் உயிரோடு இருந்திருந்தால், பதம் வந்தாச்சு மாப்பிளை, இறக்கு என்று சொல்லியிருப்பார்.

ஐந்தரை மணிக்கு இயக்குநர் பேச்சை முடித்துக்கொண்டு கேட்டார். "இவ்வளவு நேர்த்தியாக இந்தத் தீயை மூட்டியது யார்?"

சங்கரலிங்கம் கோப்போடு தயாராக இருந்தார். "தற்காலிகக் காவலாளி சார். பன்னிரண்டு வருஷமாத் தற்காலிகம்."

"பன்னிரண்டு வருஷமா? மனிதாபிமானமே இல்லாத செயல்" என்று இயக்குநர் வருத்தப்பட்டார். எட்டு வருஷமாக அவர்தான் இயக்குநர். நெருப்புக்குப் பக்கத்திலேயே கோப்பைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

இனிமேல் மாசானத்தை நாமும் 'அவர்' என்று சொல்வதுதான் மரியாதை. அவர் உத்தரவை இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கிவிட்டது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது எண்ணெய்க் குப்பி கையில் தட்டுப்பட்டது.

இயக்குநர் எழுந்தார். "ஒன்பதாம் விதி. நீரூற்றுக, கிளறுக, மீண்டும் நீரூற்றுக. இதை நானே செய்து காட்டுகிறேன். எல்லோரும் பக்கத்தில் வாருங்கள்."

இரண்டு வாளி தண்ணீர் தயாராக இருந்தது. மாசானம் வாயைத் திறந்தார். இப்போது அவருக்கு அதிகாரம் இருந்தது. சொன்னால் கோப்பில் ஏறும். ஆபீசுக்குத் தெரியவரும். "ஐயா" என்றும் சொல்லிவிட்டார்.

"என்ன?" என்று இயக்குநர் திரும்பினார்.

அந்த ஒரு நொடியில் மாசானத்துக்குப் பயம் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் வராத பயம். நேற்றுவரை அவரிடமிருந்து பிடுங்க ஒன்றுமே இருந்ததில்லை. எண்பத்தொன்பது நாளைக்கு ஒரு தடவை பிடுங்கினார்கள், அது பழகிவிட்டது. இப்போது பையில் காகிதம் இருந்தது. இயக்குநர் செய்வது தப்பு என்று இயக்குநரிடமே சொல்வதா? மேலும் சிப்பி என்பது பண்டகசாலைச் சங்கதி. அதை எழுத்தர் மூலம் சொல்ல வேண்டும். எழுத்தர் பொறுப்பாளர் மூலம் சொல்ல வேண்டும். அப்புறம், மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. அலுவலக நேரம் முடிந்து கால் மணி நேரம். நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு முறைப்படி ஒரு குறிப்பு வைத்துவிட்டால் போகிறது.

"ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றார். காற்று வருகிற பக்கம் பார்த்துப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

முதல் வாளி போனது. புஸ்ஸென்று ஆவி எழுந்து அடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் கம்பியால் கிளறினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வாளியும் போனது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை.

"சாம்பல் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது பாருங்கள்" என்றார் இயக்குநர். "சுத்தமாக எரிந்ததற்கு அடையாளம்."

பிறகு தீக்கலம் கொதித்தது. நெருப்பே இல்லாமல் கொதித்தது. பதினொரு மூட்டைச் சிப்பியும் பன்னிரண்டு வருஷம் சும்மா கிடந்ததற்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாக எழுந்து பேசியது. வெண்புகை வெள்ளமாகக் கிளம்பியது. அது விலகியபோது, தீக்கலத்தைச் சுற்றி ஒன்பது பேர் தலை முதல் கால் வரை வெள்ளையடித்த மாதிரி நின்றார்கள். யார் இயக்குநர், யார் எழுத்தர் என்று அடையாளம் தெரியவில்லை. எல்லோருக்கும் மூக்குக் கண்ணாடியும் கம்பளியும் இருந்ததால் பெரிய காயம் இல்லை. ஆகவே கம்பளி வீண் போகவில்லை.

மாசானம் ஓடி வந்து எண்ணெயைத் தடவினார்.

"உன் பையில் தேங்காய் எண்ணெய் எப்படி வந்தது?" என்று எரிச்சலுக்கு நடுவில் கேட்டது ஒரு வெள்ளை உருவம். அதிகாரக் குரலை வைத்து அது இயக்குநர் என்று தெரிந்தது.

"தலைக்குத் தேய்க்கக் கொண்டாந்தேங்கய்யா."

மறுநாள் விசாரணை நடந்தது. வன்னியபெருமாள் முகத்தில் எண்ணெய் மினுங்கக் கேட்டார். "சிப்பி சுண்ணாம்பாகும்னு உமக்கு முன்னாடியே தெரியுமா?" நிரந்தரம் ஆனதும் 'நீ' போய் 'நீர்' வந்துவிட்டது.

"தற்காலிகமா இருக்கையில தெரியும் சார். அப்பச் சொல்ல அதிகாரம் இல்ல."

"நிரந்தரம் ஆன பிறகு?"

"ஆபீஸ் மூலமா எனக்கு ஒரு தகவலும் வரல சார்."

வன்னியபெருமாள் எழுதுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தன் இனத்தைக் கண்டுகொண்ட நிம்மதி இருந்தது. நாற்காலியைக் காட்டி, "உக்காரும் வே" என்றார்.

சென்னையிலிருந்து திருத்தம் வந்தது. விபத்து ஏற்பட்டது தீயை மூட்டியதால் அல்ல, அணைத்ததால். ஆகவே ஒன்பதாம் விதி நீக்கப்படுகிறது. தீக்கலம் இனி எக்காரணம் கொண்டும் அணைக்கப்படக்கூடாது. அணையாத தீக்கு அல்லும் பகலும் விறகு தள்ள ஆள் வேண்டும் அல்லவா? இசக்கியப்பன் என்கிற நாற்பது வயதுக்காரனைத் தற்காலிகமாக, எண்பத்தொன்பது நாளைக்கு, எடுத்தார்கள். மாசானம் அவனை மேற்பார்வை பார்த்தார். பொங்கிய சுண்ணாம்பை ஊர்க்காரர்கள் வாளி வாளியாக அள்ளிப்போய் வீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். அந்த அலுவலகத்தால் ஊருக்கு விளைந்த முதல் நன்மை அது. மிச்சத்தைக் கரைத்து அலுவலகச் சுவருக்கும், வாசலில் இருந்த சிமெண்டு பெஞ்சுக்கும் அடித்தார்கள்.

வெள்ளையடித்த அன்றைக்குச் சாயங்காலம்தான் மாசானம் குலசேகரன்பட்டினத்துக்குப் போய்ச் சம்பந்தி வீட்டில் பேசி முடிக்க வேண்டியிருந்தது. புதுக் காக்கி உடுப்பு போட்டிருந்தார். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. பெஞ்சை நோக்கி நடந்தார். அதன்மேல் சுண்ணாம்பு இன்னும் ஈரம் காயவில்லை.

"அண்ணாச்சி" என்றான் இசக்கியப்பன், விறகைக் கீழே வைத்துவிட்டு. "அந்தப் பெஞ்சுல..."

மாசானம் கையைத் தூக்கினார். "இது ஆலோசனையா, ஆட்சேபணையா?"

இசக்கியப்பன் விழித்தான்.

"நிரந்தரம் ஆனதும் சொல்லுல" என்று சொல்லிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அரை மணி கழித்து எழுந்து நடந்தார். முதுகிலும் அதற்குக் கீழும் பெஞ்சு அப்படியே வந்திருந்தது. சங்கரலிங்கம் பார்த்தார், உடுப்பு அவர் பிரிவில் வராது. வன்னியபெருமாள் பார்த்தார், அவரிடம் யாரும் எழுத்தில் கேட்கவில்லை. பஸ்ஸில் நாற்பது பேர் பார்த்தார்கள். கண்டக்டர் பார்த்துவிட்டு மரியாதையாக டிக்கெட் கொடுத்தார். குலசேகரன்பட்டினத்துக் கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தி வாசலில் காத்திருந்தார். "வேலை நிரந்தரம் ஆயிட்டாமே?" என்றார்.

"ஆயிட்டு" என்றார் மாசானம், செருப்பைக் கழற்றத் திரும்பியபடி.

சம்பந்தி அந்த முதுகை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இவ்வளவு தூரம் ஒருவரும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றால் அது நிரந்தரம்தான். "உள்ள வாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெண் எடுக்கிற இடத்தில் எதற்கு வம்பு?